பென்சில் இன்னும் சேரல

உங்க ஊரில் நீங்க எத்தனை பேர் இருக்கீங்கன்னு என்றைக்காவது எண்ணிப் பார்த்ததுண்டா? சிரிக்க வேண்டாம். நொச்சிவலசில் எல்லாரும் ஆளுக்கு ஒருத்தராகத்தான் இருந்தார்கள், வைகாசி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை கரண்டு போய்த் திரும்பி வருகிறவரைக்கும். கரண்டு வந்ததும் மாவு மில் ஓடத் தொடங்கியது, பால் சொசைட்டியில் குளிர்ப்பெட்டி உறுமத் தொடங்கியது, கோயில் மைக்கில் பாதியில் நின்ற பாட்டு நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்தது. அதே கையோடு டவுனில் இருக்கிற கண் ஆஸ்பத்திரி, பல் கிளினிக், ரத்த லேப், ஸ்கேன் சென்டர், பிரசவ ஆஸ்பத்திரி என்று எங்கெல்லாம் கம்ப்யூட்டர் இருந்ததோ அங்கிருந்தெல்லாம் ஆட்கள் இறங்கி, வெயிலுக்குத் தலையில் துண்டையும் முந்தானையையும் போட்டுக்கொண்டு, மத்தியான பஸ்ஸில் ஊருக்கு வந்து சேர்ந்தார்கள். கண்டக்டர் எல்லாருக்கும் டிக்கெட் கிழித்தார்.

மைனாவதி அப்போது மில்லில் மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தாள். மாசம் எட்டு தாண்டியிருந்தது. வயிறு மிஷினில் இடிக்காமல் இருக்கப் பக்கவாட்டில் நின்றே வேலை செய்யப் பழகியிருந்தாள். வாசலில் நிழல் விழுந்ததும் நிமிராமலே, "மொளகாயா, கம்பாங்க?" என்று கேட்டாள்.

"இடது கண் மைனஸ் ஒண்ணே கால்" என்றது குரல்.

நிமிர்ந்து பார்த்தால் அவளேதான். அதே மூக்கு, அதே தோடு, போன தீபாவளிக்கு எடுத்த அதே பச்சைச் சேலை. ஆனால் கண் இரண்டு மட்டும் கழுவி வைத்த மாதிரி பளிச்சென்று இருக்க, மற்றதெல்லாம் ஈரக்கையால் துடைத்த சிலேட்டுப் போல மங்கிக் கிடந்தது. மைனாவதி மிஷினை நிறுத்தி, முகத்து மாவைத் துடைத்து, "வாங்க, ஒக்காருங்க, தண்ணி குடிங்க" என்றாள். அந்தப் பக்கத்தில் வாசலுக்கு வந்தவர் யாராக இருந்தாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். வந்தது தானேயாக இருந்தால் மட்டும் மாற்றிச் சொல்ல முடியுமா என்ன?

சொம்பை வைப்பதற்குள் இன்னொருத்தி வந்தாள், முப்பத்திரண்டு பல்லும் தெரிய. அவள் பின்னால் வெளுத்துப்போன ஒருத்தி, வாயைத் திறந்தால் ரத்தக் கணக்குத்தான். அதற்கும் பின்னால் ஊர் நர்சம்மாவின் டேப்லெட்டிலிருந்து வயிறும் வளையலுமாக ஒருத்தி வந்து, "நான் முழுகாம இருக்கறேனுங்க" என்றாள். உண்டாகியிருக்கிறேன் என்பதற்கு அந்த ஊர்ச்சொல் அது. கண் ஆஸ்பத்திரிக்காரிக்கு அந்தச் சொல் தெரியாது. குளிக்காத ஆள் என்று எண்ணிக்கொண்டு மூக்கைப் பொத்தியபடி நகர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒரே ஆளுக்குள்ளயே தீட்டுப் பாக்கறாளுக பாரு" என்று சொல்லிச் சிரித்தான் மைனாவதியின் புருஷன் பூபதி. அவனைத் தேடியும் ஒருவன் வந்திருந்தான். எப்போதோ கை முறிந்தபோது எடுத்த எக்ஸ்ரே சென்டரிலிருந்து. முழங்கைக்குக் கீழே மட்டுமே இருந்தான். ஆனாலும் மூட்டை தூக்க உதவினான்.

ஊர் இவர்களுக்கு ஆஸ்பத்திரி ஒறம்பரை என்று பேர் வைத்தது. ஒறம்பரை என்றால் வீட்டுக்கு வந்த சொந்தம். அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. ஏன் வந்தார்கள் என்று கேட்பது மரியாதையா? எப்போது போவார்கள் என்று கேட்பது அதைவிட மோசம். ஆகவே ஒவ்வொரு வீட்டிலும் உலையில் கூட அரிசி விழுந்தது, முடிவெட்டுகிற கடையில் தலைக்கு ஒரு கட்டணம் என்றிருந்ததை ஆளுக்கு ஒரு கட்டணம் என்று மாற்றினார்கள், கல்யாண வீட்டில் பந்திக்கு உட்காரும்போது "நீங்க அவரா, அவரோட ஒறம்பரையா?" என்று விசாரித்து அப்புறம் இலை போட்டார்கள். பல்லு மைனா அழகாகச் சிரித்ததால் மில் கல்லாவில் உட்கார வைத்தார்கள், கூட்டம் கூடியது. கண்ணு மைனா அரிசியில் கல் பொறுக்கினாள், ஒரு கல் தப்பவில்லை. ரத்த மைனாவுக்கு முருங்கைக்கீரை பொரியல் போட்டார்கள், பாவம் என்று.

மைனாவதியின் மாமனார் மாரப்பன்தான் மூன்று நாள் வெளியே தலைகாட்டவில்லை. ஸ்கேன் சென்டரில் யாரோ அவசரத்தில் ஆண் என்று அடிக்க வேண்டிய இடத்தில் பெண் என்று அடித்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவரைத் தேடி வந்தது கத்தரிப்பூ நிறச் சேலையில், அவருடைய அதே முறுக்கு மீசையோடு, ஒரு பெண். மாமியார் காளியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். முறத்தைக் கையில் கொடுத்துப் பார்த்தாள். அவள் தவிடு பறக்கப் புடைத்ததைக் கண்டு, "முப்பது வருசத்துல இந்த மீசை மொறத்தத் தொட்டு இன்னைக்குத்தான் பாக்கறேன்" என்றாள்.

இப்படியே போயிருந்தால் இது வெறும் விருந்துக் கதை. ஒரு நாள் ரத்த மைனா மில்லில் உட்கார்ந்தபடியே தன் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, லேபில் கொடுத்திருந்த சோதனையின் பதிலாகப் புதிதாக ஒரு வரி சேர்ந்தது: கிருமி இருக்கிறது, பிள்ளை வரும் வழியில். மைனாவதி அவளையும் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்த மைனாவையும் கூட்டிக்கொண்டு டவுனுக்கு, பிரசவம் பார்க்கிற டாக்டர் ஷர்மிளாவிடம் போனாள். டாக்டரம்மா பயப்படுத்துகிற ஆள் இல்லை.

"பெரிய விஷயமில்ல மைனாவதி. உங்களுக்கு இது ஒண்ணும் பண்ணாது. பாப்பா வெளிய வரும்போது தொத்தக்கூடாது, அவ்வளவுதான். வலி எடுத்ததும் வாங்க, ஒரு ஊசி போட்டுடலாம். எதாவது ஊசி ஒத்துக்காம இருந்திருக்கா?"

மைனாவதி வாயைத் திறப்பதற்குள் பிரசவ ஆஸ்பத்திரி மைனா முந்திக்கொண்டு, "அலர்ஜி இல்லை" என்றாள்.

"யாரு உங்கிட்டச் சொன்னா?" என்றாள் மைனாவதி.

"யாரும் கேக்கல. கட்டம் காலியா இருந்துச்சு. காலியா இருந்தா இல்லைன்னுதானே அர்த்தம்?"

"நல்லா இருக்குது போ! பாத்திரம் காலியா இருந்தா சோறு பொங்கலைன்னு அர்த்தமா, தின்னு முடிச்சாச்சுன்னு அர்த்தமா?" என்ற மைனாவதி டாக்டரம்மாவிடம் திரும்பினாள். "சின்ன வயசுல ஏதோ ஒரு ஊசி போட்டு ஒடம்பெல்லாம் வீங்கிப்போச்சாமுங்க. கண்ணு தெறக்கல, மூச்சு வரலைன்னு எங்கம்மா சொல்லும். எந்த ஊசின்னு எனக்குத் தெரியாதுங்க. அம்மாவும் இப்ப இல்லீங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "எதுன்னு தெரிஞ்சா அதைத் தள்ளி வெச்சுட்டு வேற போடுவேன், இருக்கு. எதுன்னே தெரியாம எதைத் தள்ளி வைக்கிறது? உங்கள்ல இன்னும் ஒருத்தி, அந்த ஊசி போட்ட ஆஸ்பத்திரிக்காரி, வரலை மைனாவதி. அவளைக் கண்டுபிடிங்க."

மைனாவதி வெளியே வந்ததும் அப்பாவுக்குப் போன் போட்டாள். சென்னியப்பன் ஆற்றுக்கு அந்தப்பக்கம் காரைக்காட்டில் ஆடு வளர்க்கிறவர், தனியாள். மகள் கேட்டதும் கத்துகிற ஆட்டை அதட்டிவிட்டு வந்தார். 

"எந்த ஊசின்னு நெனப்பில்ல கண்ணு. உங்கம்மாளுக்குத்தான் தெரியும். ஆனா..."

"என்னங்கப்பா ஆனா?"

"நீ இங்கதான் இருக்கற."

"நான் டவுனுல இருக்கறனுங்கப்பா."

"அது பெரிய நீ. இது சின்ன நீ, ஏழு வயசு. எங்கூரு கெவருமெண்டு ஆசுபத்திரிப் பெஞ்சுல ரெட்டைச் சடையோட ஒக்காந்திருந்தா. வண்டீல வெச்சுக் கூட்டியாந்துட்டேன். நெம்ப நாளாச்சு. சொன்னா வந்து கூட்டிட்டுப் போயிருவீங்கன்னுதான் சொல்லல." அவர் குரல் திருட்டுத்தனமாகவும் குஷியாகவும் இருந்தது. "கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனேன். தேன்மிட்டாய் வாங்கிக் குடுத்தேன். ஆட்டுக்குட்டிக்கெல்லாம் பேரு வெச்சிருக்கறா."

"அவகிட்டக் கேளுங்கப்பா, எந்த ஊசின்னு!"

"கேக்காமயா? வாயத் தொறந்தா ஒரே பேச்சுத்தான் கண்ணு. பென்சில் இன்னுஞ் சேரலைங்கறா. நானும் கடையில இருக்கற பென்சிலையெல்லாம் வாங்கியாந்து குடுத்துட்டேன். வாத்தியாரு ஒரு கட்டுக் குடுத்தாரு, தலைவரு ஒரு பொட்டி குடுத்தாரு. அப்பவும் வந்து சேரலைங்கறா. அப்படி என்ன பென்சிலு கேக்கறாளோ!"

மைனாவதிக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஏழு வயதில் தான் அவ்வளவு பிடிவாதக்காரியா என்று நினைத்துக்கொண்டாள். "அவளக் கூட்டிட்டு வாங்கப்பா."

"கூட்டியாந்தா உன்றகூடச் சேத்தீருவாங்களா?"

"தெரியலீங்கப்பா."

"இன்னுங் கொஞ்ச நாளு இருக்கட்டுமே கண்ணு."

"அப்பா, நான் நல்லா இருந்தாத்தானுங்க அவளும் இருந்த மாதிரி."

ஆடு கூப்பிடுகிறது என்று சொல்லி அவர் போனை வைத்துவிட்டார். 

அந்த வாரத்தில்தான் ரெஜினா ஊருக்கு வந்தாள். சுகாதாரத்துறையில் கம்ப்யூட்டர் பார்க்கிற பெண்; ஸ்கூட்டரில் லேப்டாப், கழுத்தில் ஒரு ஐடி அட்டை, வாயில் எந்நேரமும் ஏலக்காய். ஒறம்பரைகளை மறுபடி ஒன்றாக்க வழி கேட்டு நொச்சிவலசுப் பஞ்சாயத்துத் தலைவர்தான் வரவழைத்திருந்தார். வழி எப்போதோ போட்டாகிவிட்டது என்றாள் ரெஜினா. நாடு முழுக்க எல்லா ஆஸ்பத்திரிக்கும் பொதுவாகச் சொற்கள் முடிவு செய்து வைத்திருக்கிறார்கள், எல்லாக் கம்ப்யூட்டரும் அதில் பேசினால் போதும், இவர்கள் ஒருத்தரை ஒருத்தர் அடையாளம் கண்டுகொள்வார்கள். "பிரச்சினை என்னன்னா அக்கா, எல்லா ஆஸ்பத்திரியும் சரிங்கறாங்க. ஆனா எங்க வார்த்தையையே பொதுவா வெச்சுக்கங்கன்னு சொல்றாங்க. பல் டாக்டர் ஏழு வருஷமா எழுதினதை எல்லாம் மாத்தணுமான்னு அழறாரு."

"எதுக்கு மாத்தோணும்?" என்றாள் மைனாவதி. அவள் கையில் தராசு இருந்தது. எதிரில் ஒரு பெண் வள்ளம் என்கிற பழைய அளவையில் ராகி கொண்டு வந்திருந்தாள், அவளுக்குப் பின்னால் ஒருவர் எண்ணெய் டின்னில் கோதுமை. "இங்க பாரு அம்மிணி, வள்ளத்துல அளந்துட்டு வருவாங்க, படியில அளந்துட்டு வருவாங்க, இந்தண்ணன் டின்னுல கொண்டாருவாரு. அவங்கவங்க ஊட்டுல அவங்கவங்க அளவு. என்ற வாசப்படி தாண்டுனா மட்டும் கிலோ."

ரெஜினா ஏலக்காய் கடிப்பதை நிறுத்தினாள். "இதையேதான் நான் ஒன்றரை வருஷமா கோட்டு சூட்டு போட்டவங்களுக்குப் படம் போட்டுக் காட்டிட்டிருக்கேன். உங்க தராசையே எடுத்துட்டுப் போயிருக்கலாம் போல."

"எடுத்துட்டுப் போ. ஆனா சாயந்தரத்துக்குள்ள திருப்பிக் குடு."

உண்மையிலேயே எடுத்துக்கொண்டு போனாள். தராசை மேஜைமேல் வைத்து என்ன பேசினாளோ, பல் டாக்டர் அழுகையை நிறுத்தினார்; உள்ளே எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள், வாசலைத் தாண்டும்போது பொதுச்சொல்லில் பேசுங்கள் என்பதற்கு எல்லாரும் தலையாட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர் மண்டபத்தில் சேர்த்து வைப்பது என்று முடிவானது. சேர்த்து வைப்பது என்றாலே அது ஒரு விசேஷம்தானே? வாசலில் வாழைமரம் கட்டினார்கள், அரிசிம்பருப்புச் சாதத்துக்கு அடுப்பு மூட்டினார்கள், நாதஸ்வரக்காரர் தன் ஒறம்பரையோடு வந்து இரட்டை நாதஸ்வரம் வாசித்தார்.

மண்டப வாசலில் ரெஜினா லேப்டாப்போடு உட்கார்ந்தாள். ஒவ்வொருத்தராக வந்து பேர், பிறந்த நாள் சொல்லித் தங்கள் சேதியைப் பொதுச்சொல்லில் சொல்ல வேண்டும். தெரியாததைத் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டுமே தவிர இல்லை என்று சொல்லக்கூடாது. இது மைனாவதி கேட்டுச் சேர்த்த விதி. "முழுகாம இருக்கறேன்" என்றவள் "கர்ப்பிணி" என்று சொல்லிக் காட்டியதும் கண்ணு மைனா, "அட, இதைத்தான் சொன்னியா!" என்று மூக்கிலிருந்து கையை எடுத்தாள்.

ஆனால் யாரும் யாரோடும் சேரவில்லை. எப்படிச் சேர்வார்கள்? மைனாவதி கல்யாணத்துக்கு முன்னால் அப்பா பேரின் எழுத்தைப் போட்டு செ. மைனாவதி; கல்யாணத்துக்குப் பின்னால் புருஷன் பேரின் எழுத்தைப் போட்டு பூ. மைனாவதி. ஒரு கம்ப்யூட்டரில் எழுத்து முன்னால், இன்னொன்றில் பின்னால். சரி, பிறந்த நாளை வைத்துப் பார்க்கலாம் என்றால், அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர் பள்ளிக்கூடத்தில் சேர்த்த எல்லாப் பிள்ளைகளுக்கும் ஜூன் முதல் தேதியையே போட்டிருந்தார். பிறந்த நாளைச் சொன்னதும் பாதி ஊரே எழுந்து நின்றது.

அந்த நேரத்தில் சென்னியப்பனின் மொபெட் வந்து நின்றது. முன்னால் ஒரு சாக்குப்பை, பின்னால் ரெட்டைச் சடையும் தூக்கிக் கட்டிய பாவாடையுமாக ஒரு சிறுமி, மடியில் ஒரு ஆட்டுக்குட்டி. மைனாவதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் உட்கார்ந்தாள். காலையிலிருந்தே இடுப்பில் லேசாக ஒரு வலி வந்து வந்து போய்க்கொண்டிருந்தது. சமையல் களேபரத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

"கண்ணு, ஒனக்கு எந்த ஊசி போட்டாங்க?"

சிறுமி அவளை முறைத்தாள். "நீ யாரு?"

"நான் மைனாவதி."

"நான் செ. மைனாவதி. நீ பூ. வெளியாளுக்கு என்ற ஒடம்பப் பத்தி நான் எதுக்குச் சொல்லோணும்? எங்கப்பாவுக்குத்தான் சொல்லுவேன்."

"சொல்றதெல்லாம் பென்சிலுதான்" என்று சென்னியப்பன் சாக்கை அவிழ்த்தார். அதில் சிவப்பும் பச்சையும் கறுப்பும் மஞ்சளுமாக, ரப்பர் வைத்தது வைக்காதது என்று, காரைக்காட்டுக் கடைகளில் இருந்த பென்சில்கள் அத்தனையும் இருந்தன.

வலி இந்தமுறை வந்தது, போகவில்லை. காளியம்மாள் மருமகளின் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டாள். "ஏனுங் டாக்டரம்மா, இவளுக்கு வந்துருச்சாட்ட இருக்குது!" பந்தியில் உட்கார்ந்திருந்த டாக்டர் ஷர்மிளா சாதக் கையோடு எழுந்து வந்தார். "வண்டி எடுங்க. மைனாவதி, ஊசி போட இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. அவ சொல்லிடுவாளா?"

மைனாவதி சிறுமியின் கையைப் பிடித்தாள். தலைக்கு முன்னால் இருக்கிற எழுத்து மாறிவிட்டது, ஊர் மாறிவிட்டது, பிறந்த நாள் எப்போதுமே பொய். கட்டிக்கொடுத்தும் மாறாதது எது என்று வலியோடு வலியாக யோசித்தாள். சிறுமியின் இடது சடை வலது சடையைவிடக் கொஞ்சம் மேலே ஏறியிருந்தது. அப்படிக் கோணலாகப் பின்னுகிற ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

"கண்ணு, உங்கம்மா பேரென்ன?"

"பாவாத்தாள்."

"எங்கம்மா பேரும் பாவாத்தாள்."

சிறுமி முறைப்பதை நிறுத்தினாள். "கோணச்சடை பின்னுமா?"

"கோணச்சடைதான் பின்னும். கேட்டா, நீ ஆடாம இருந்தா நேரா வரும்னு சொல்லும்."

சிறுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது; முன்பல் இரண்டு விழுந்திருந்தன. அவள் மைனாவதியின் காதுக்குப் பக்கத்தில் வந்து, பல் போன வாயால், பெரிய ரகசியம் போலச் சொன்னாள்: "பென்சிலின்னுஞ் சேரல."

"பாரு, மறுபடியும்!" என்றார் சென்னியப்பன்.

"இருங்க, இருங்க" என்று எழுந்து வந்தாள் ரெஜினா. "பாப்பா, சேரலைன்னா எந்தச் சேரல? வந்து சேரலையா, ஒடம்புக்குச் சேரலையா? எங்க பொதுச்சொல்லுல ரெண்டும் வேற வேற. வாசல்ல நின்னு பொதுச்சொல்லுல சொல்லு."

சிறுமி ஆட்டுக்குட்டியை இறக்கிவிட்டு, பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு, வாழைமரத்துக்கு நடுவில் நின்று உரக்கச் சொன்னாள்: "பேர் மைனாவதி. அம்மா பேர் பாவாத்தாள். மருந்து பென்சிலின். ஒவ்வாமை!"

 டாக்டரம்மா கண்ணை மூடித் திறந்து, "நான் போட இருந்ததே அதுதான்" என்றார். அதற்குள் சிறுமி ஓடிவந்து மைனாவதியைக் கட்டிக்கொண்டாள், கட்டிக்கொண்டபடியே மாவில் மாவு விழுகிற மாதிரி அவளுக்குள் போய்விட்டாள். கண்ணு மைனா, "எங்கம்மாவும் பாவாத்தாள்!" என்று ஓடிவந்தாள், பல்லு மைனா ஓடிவந்தாள், ரத்த மைனா, நர்சம்மா வீட்டு மைனா, பிரசவ ஆஸ்பத்திரி மைனா எல்லாரும் ஒரே பேரைச் சொல்லிக்கொண்டு ஓடிவந்து ஓடிவந்து ஒருத்தியானார்கள், அதைப் பார்த்து ஊரே அவரவர் அம்மா பேரைக் கூவத் தொடங்க, தாயாத்தாள், குப்பாத்தாள், ரங்கநாயகி, மரகதம் என்று வெளியில் யாரும் கூப்பிட்டே பழகாத பேர்களெல்லாம் நாதஸ்வரத்துக்கு மேலே எழும்பி மண்டபத்தில் சுற்றிச் சுற்றி வந்தன.

சென்னியப்பன் பென்சில் சாக்கோடு நின்றார். "அப்ப பென்சிலு இல்லையா கண்ணு?"

"பென்சிலின்னுங்கப்பா. ஊசி மருந்து" என்று வலியோடு சிரித்தாள் மைனாவதி. அவர் கண் கலங்கியதைப் பார்த்து, அவர் கையை எடுத்துத் தன் சடைமேல் வைத்தாள். எப்போது இடது பக்கம் ஏறியதோ, கோணலாக இருந்தது.

வண்டி கிளம்புகிற நேரத்தில்தான் காளியம்மாள் ரெஜினாவை ஓரமாகக் கூப்பிட்டாள். மாரப்பனும் கத்தரிப்பூச் சேலைக்காரியும் ஒருவரை ஒருவர் பார்த்து மீசையை முறுக்கிக்கொண்டு நின்றார்கள். "ஏனம்மிணி, இவரைக் கரைச்சுப்போட்டு அவளை வெச்சுக்கறதுக்கு ஏதாவது வழி இருக்குதா?"

வேறு ஊசி போட்டார்கள். வெயில் சாய்கிற நேரத்துக்கு மைனாவதிக்குப் பெண் பிறந்தது. கிருமி தொற்றவில்லை, அழுகைக்கும் குறைவில்லை. பல்லு மைனாவின் சிரிப்பையும் கண்ணு மைனாவின் கண்ணையும் எடுத்துக்கொண்டு வந்திருந்தது. சென்னியப்பன் தொட்டிலுக்குள் எட்டிப் பார்த்து, சட்டைப்பையிலிருந்து ஒரு பச்சைப் பென்சிலை எடுத்துக் காட்டினார். பிள்ளை அதை இறுகப் பிடித்துக்கொண்டது.

நர்ஸ் கம்ப்யூட்டரைத் திறந்து, திரையில் காலியாக இருந்த கட்டங்களைப் பார்த்தபடி கேட்டாள். "பாப்பா பேர் அப்புறம் போட்டுக்கலாம். இப்போதைக்கு இனிஷியல் மட்டும் அடிச்சு வைக்கிறேன். அப்பா பேர்ல பூ, சரிங்களா?"

பூபதி மைனாவதியைப் பார்த்தான். மைனாவதி பிள்ளையைப் பார்த்தாள். நாளைக்கு இதற்கும் ஒரு கண் ஆஸ்பத்திரி, ஒரு பல் கிளினிக், ஒரு மாமியார் வீடு, மாறுகிற ஒரு எழுத்து எல்லாம் இருக்கிறதே என்று நினைத்தாள். களைத்த கையை நீட்டி நர்ஸின் விரலை விசைப்பலகை மேலேயே பிடித்து நிறுத்தினாள்.

"அது இருக்கட்டுங்க சிஸ்டர். கூடவே அம்மா பேரு மைனாவதின்னு சேத்தி எழுதிருங்க."